குறைந்த பணத்தில் கேமிங் கணினி: "ஐ7, 16 ஜிபி, 4 ஜிபி கிராஃபிக்ஸ்" விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

"ஐ7 புராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, லைட் போட்ட கேபினட், மானிட்டரோடு முழு செட்" என்று 20,000, 25,000 ரூபாய்க்கு விளம்பரங்கள் வருகின்றன. ரேம் விலை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது, இப்போது கணினி வாங்காதீர்கள் என்ற செய்தியும் கூடவே வருகிறது. ரேமுக்கே அவ்வளவு விலை என்றால் முழு செட்டையும் இந்தப் பணத்துக்கு எப்படித் தருகிறார்கள்?

அந்த செட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் ஐ7-2600 அல்லது ஐ7-3770. முதலாவது 2011-இல் வந்தது, இரண்டாவது 2012-இல். அவற்றைத் தாங்கும் எச்61 வகை மதர்போர்டில் பழைய டிடிஆர்3 ரேம்தான் பொருந்தும். விலை பெரிதும் ஏறியிருப்பது புதிய வகைகளான டிடிஆர்4, டிடிஆர்5 ரேம்களுக்கு. அதனால்தான் 16 ஜிபி என்று தாராளமாக எழுத முடிகிறது. "4 ஜிபி கிராஃபிக்ஸ்" என்பது பெரும்பாலும் 2014-இல் வந்த, என்விடியாவின் ஜிடி 730 கார்டு. எழுதியிருப்பதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் விளையாட்டு எப்படி ஓடும் என்பதைச் சொல்லும் தகவல் அதில் ஒன்றுகூட இல்லை.

## ஒரு ஃபிரேம் எப்படி உருவாகிறது

திரையில் தெரியும் ஒவ்வொரு படமும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும், இரண்டு கை மாறி வருகிறது. யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது, எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போடுவது புராசசர். அந்தக் கணக்கை வாங்கிப் படமாக வரைவது கிராஃபிக்ஸ் சிப். இரண்டும் அடுத்தடுத்த ஃபிரேம்களில் ஒரே நேரத்தில் வேலை செய்வதால், மெதுவாக இருப்பதன் வேகமே மொத்த வேகம்.

நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி. புராசசர் 12 மில்லி விநாடியில் முடிக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு 25 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 40 ஃபிரேம். இருமடங்கு வேகமான புராசசரை மாட்டினாலும் அதே 40-தான். அந்தப் பணத்தில் 14 மில்லி விநாடியில் வரையும் கார்டை மாட்டியிருந்தால் 71 ஃபிரேம் வந்திருக்கும். பணம் இறுக்கமாக இருக்கும்போது முதலில் கிராஃபிக்ஸ் கார்டின் மாடல் பெயரைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். புராசசரை "ஐ7" என்ற வரிசைப் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்குப் பின்னால் வரும் எண்ணையும் கேளுங்கள். 2022-இல் வந்த நான்கு கோர் ஐ3-12100எஃப், விளையாட்டில் ஐ7-3770-ஐ எளிதாக முந்திவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இன்டெலின் நான்காம் தலைமுறையில், 2013-இல்தான் வந்தது. அதைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய விளையாட்டுகள் 2600, 3770 இரண்டிலும் திறக்கவே திறக்காது.

## "4 ஜிபி" ஏன் வேகத்தைச் சொல்வதில்லை

ஜிபி என்பது கார்டின் நினைவகக் கொள்ளளவு மட்டுமே. அந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு எவ்வளவு தரவை எடுக்க முடியும், எடுத்ததை வைத்து வரையும் சிப் எத்தகையது என்பவைதான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. டிடிஆர்3 நினைவகமும் 64 பிட் பாதையும் கொண்ட ஜிடி 730 நொடிக்கு 14.4 ஜிபி எடுக்கும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு எடுப்பது 224 ஜிபி. 3200 வேக டிடிஆர்4 ரேம் இரண்டு குச்சி (ரேம் பலகை) போட்ட சாதாரணக் கணினியிலேயே நொடிக்கு 51.2 ஜிபி வரை போகும். ஆகவே ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போன்ற புராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ், தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ஜிடி 730-ஐ விட வேகமானது.

ஜிடி 1030 வாங்குபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே பெயரில் ஜிடிடிஆர்5, டிடிஆர்4 என இரண்டு வகை உண்டு. முதலாவது 48 ஜிபி வேகம், இரண்டாவது 16.8 மட்டுமே. அட்டைப் பெட்டியில் சிறிய எழுத்தில்தான் வேறுபாடு இருக்கும்.

## ரேம் விலை ஏன் ஏறியது, அதனால் உங்கள் தேர்வு எப்படி மாறுகிறது

உலகின் டிரேம் (ரேமில் பயன்படும்) சிப்களில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு சேவையகங்களுக்கான எச்பிஎம் என்ற நினைவகத்தில் லாபம் அதிகம். அதே அளவு கொள்ளளவுக்கு எச்பிஎம் டிடிஆர்5-ஐ விட ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை விழுங்குகிறது. தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப, வீட்டுக் கணினிக்கான ரேம் சுருங்குகிறது. டிடிஆர்4 உற்பத்தியையும் இந்த நிறுவனங்கள் குறைக்கத் தொடங்கியிருந்தன. 2025 டிசம்பரில், குருசியல் என்ற பெயரில் நேரடியாக மக்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அறிவித்தது.

குறைந்த பணத்தில் வாங்குபவருக்கு இதனால் மாறுவது இவைதான்:

1. ஏஎம்டியின் புதிய புராசசர்களுக்கான ஏஎம்5 மதர்போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். பிற்காலத்தில் புராசசரை மாற்றிக்கொள்ள அது நல்ல வழி என்றாலும், இப்போது ரேமுக்கே பெரும்பணம் போய்விடும். ஏஎம்டியின் முந்தைய வகையான ஏஎம்4 போர்டு, அல்லது இன்டெல் 12-ஆம் தலைமுறைக்கான டிடிஆர்4 வகை எச்610 போர்டு, இறுகிய பட்ஜெட்டுக்குப் பொருத்தம்.

2. செகண்ட் ஹேண்டில் தயங்காமல் வாங்கக்கூடிய பாகம் ரேம். அதில் சுழலும் உறுப்பு இல்லை, தேய்மானம் மிகக் குறைவு. மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளில் ஒரு முழுச் சுற்றாவது ஓட்டினால் பழுது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

3. 16 ஜிபி என்பதே இன்றைய கீழ்வரம்பு, 8 ஜிபி குச்சிகள் இரண்டாக. ஒற்றைக் குச்சியில் பாதை பாதியாகி 25.6 ஜிபிக்கு இறங்கிவிடும். தனி கார்டு இல்லாமல் புராசசர் கிராஃபிக்ஸை நம்பியிருப்பவருக்கு இந்த இழப்பு விளையாட்டில் அப்படியே தெரியும். தனி கார்டு இருப்பவர், வேறு வழியே இல்லையென்றால், 8 ஜிபி ஒன்றில் தொடங்கி அதே வேகமுள்ள இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம்.

## முதலில் முடிவு செய்ய வேண்டியவை: விளையாட்டும் திரையும்

1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 திரையில் 36.9 லட்சம். ஒவ்வொரு புள்ளியையும் கார்டுதான் வரைய வேண்டும். மலிவான கார்டை வாங்கி 1440 திரையில் மாட்டுவது பணத்தை இரண்டு இடத்திலும் இழப்பது. 1080 திரையே போதும். 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படத்தை மாற்றும்) ஐபிஎஸ் மானிட்டர்கள் இப்போது தொடக்க விலையிலேயே கிடைப்பதால் 60 ஹெர்ட்ஸில் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை.

விளையாட்டைப் பொறுத்து மூன்று நிலை:

1. வேலரன்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 போன்றவை மட்டும் போதும் என்றால் ரைசன் 5 5600ஜி, இரண்டு குச்சி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி. தனி கார்டே வேண்டாம். ரேமில் ஒரு பங்கை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும் என்பதால் 16 ஜிபி கட்டாயம்.

2. அதற்கு மேலே, பழைய பெரிய விளையாட்டுகளும் வேண்டும் என்றால் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, அல்லது அதைவிட வேகமான செகண்ட் ஹேண்ட் கார்டு.

3. புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் என்றால் 8 ஜிபி நினைவகமும் ரே டிரேசிங் (ஒளி பாயும் வழியைக் கணக்கிட்டு வரையும்) வசதியும் உள்ள கார்டு: ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 5050. 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் தொடங்காது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும் அப்படியே. ஜிடிஎக்ஸ் 1660 வேகத்தில் குறையில்லாத கார்டுதான், ஆனாலும் இங்கே நின்றுவிடும்.

இந்தப் பட்டியலில் ரூபாய்க்கு அதிகம் தருவது, நல்ல நிலையில் கிடைக்கும் ஆர்எக்ஸ் 6600. 132 வாட் மின்சாரத்தில் 1080 திரைக்கு அது போதும், 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-ஐ விடத் தெளிவாக வேகமானது. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு ஆசை காட்டும். ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் புராசசர் ஒரே நேரத்தில் அணுகவிடும் வசதி) இல்லாத போர்டில் அது படுத்துவிடும், பழைய புராசசரோடும் சோபிக்காது. ஜிடிஎக்ஸ் 1050, 1060 வரிசைக்கு விளையாட்டுகளுக்கான புதிய டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. இனி அவற்றுக்குப் பணம் போட வேண்டாம்.

## ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி: மலிவு கார்டு பொய்க்கும் இடம்

இந்தக் கார்டைத் தனியாகச் சொல்லக் காரணம், வாங்கியவர்களில் பலர் "பெஞ்ச்மார்க்கில் நன்றாக இருந்தது, வீட்டில் திணறுகிறது" என்று குழம்புவதுதான். காரணம் தெளிவானது.

கார்டும் மதர்போர்டும் பேசும் பாதை பிசிஐஇ. சாதாரணமாக கார்டுகளுக்கு 16 அல்லது 8 தடம் இருக்கும். 6500 எக்ஸ்டி-க்கு 4 தடம்தான். நான்காம் தலைமுறை பாதையில் 4 தடம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி, மூன்றாம் தலைமுறையில் 4 ஜிபி. அதன் நினைவகமும் 4 ஜிபி மட்டுமே என்பதால், புதிய விளையாட்டுகளில் அது நிரம்பி மிச்சம் கணினியின் ரேமுக்குப் போகிறது. அப்போது ஒவ்வொரு ஃபிரேமும் அந்தக் குறுகிய பாதை வழியே தரவைக் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. சராசரி எண் நன்றாக இருந்தாலும் நடுநடுவே படம் உறைவது இதனால்தான்.

ஏஎம்4 வகையில் பி450, ஏ520 போர்டுகள் மூன்றாம் தலைமுறைப் பாதையே தருகின்றன. ரைசன் 5 5500, 5600ஜி புராசசர்களும் அப்படித்தான், பி550 போர்டில் வைத்தாலும். அதாவது மலிவான கார்டு வாங்குபவரிடம் இருக்கக்கூடிய போர்டிலும் புராசசரிலும்தான் இந்தக் கார்டு மிக மோசமாக ஓடும். 8 தடமுள்ள ஆர்எக்ஸ் 6600-க்கு இதே இடத்தில் இழப்பு சிறிது.

## எஸ்எம்பிஎஸ்: மிச்சம் பிடிக்கக் கூடாத பாகம்

கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்த்து வரும் "450 வாட்" எஸ்எம்பிஎஸ்-இன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். +12வி என்ற பத்தியில் ஆம்பியர் எவ்வளவு என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்கினால் வருவதே புராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைக்கும் மின்சாரம். அங்கே 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட். பெட்டியில் 450 என்று எழுதியிருப்பதற்கு அங்கே வேலை இல்லை.

தேவையைக் கணக்கிடுவோம். ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ரைசன் 5 5600 முழு வேலையில் சுமார் 76, போர்டு, எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு ஒரு 50. மொத்தம் 260 வாட் அளவில். கார்டுகள் கணநேரத்துக்கு இதைவிட அதிகமும் இழுக்கும். 12 வோல்ட் பாதையிலேயே 400 வாட்டுக்கு மேல் தரும், 80 பிளஸ் சான்றுள்ள 450 அல்லது 500 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அடுத்த கார்டுக்கும் அது உதவும். 80 பிளஸ் என்பது மின்திறனுக்கான சான்றுதான், பாதுகாப்புக்கு அல்ல. அதனால் பெயர் தெரிந்த நிறுவனமா, எத்தனை ஆண்டு வாரண்டி என்பதையும் பாருங்கள்.

பலவீனமான எஸ்எம்பிஎஸ்-இன் அறிகுறி இது: விண்டோஸில் எல்லாம் சரியாக இருக்கும், விளையாட்டின் மெனுவும் வரும், சண்டை தொடங்கியதும் கணினி சட்டென்று அணைந்து தானே மறுபடி எழும். கார்டு பழுது என்று நினைத்துப் பலர் கார்டை மாற்றுகிறார்கள்.

எஸ்எம்பிஎஸ்-இல் கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் இணைப்பு இல்லையென்றால், ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா இணைப்பிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் கேபிளைக் கடையில் தருவார்கள். வாங்காதீர்கள். ஒரு சாட்டா மின் இணைப்பின் 12 வோல்ட் வரம்பு 54 வாட். 8 பின் கேட்பது 150 வரை. இணைப்பு உருகித் தீப்பிடிப்பது இப்படித்தான்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொன்று: மூன்று பின் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்றால் பெரும்பாலும் எர்த் இல்லை என்று பொருள். 600 விஏ யுபிஎஸ் வழக்கமாக 360 வாட் வரைதான் தாங்கும். கரண்ட் போனால் விளையாட்டைச் சேமித்து அணைக்க அது போதும், தொடர்ந்து விளையாட அல்ல.

## அலுவலகத்திலிருந்து வரும் ரீஃபர்பிஷ்டு கணினி

மிகக் குறைந்த பணத்தில் நேர்மையான வழி இது. நிறுவனங்கள் கழிக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. நல்ல தரமான பெட்டிகள். தேர்வில் கவனிக்க வேண்டியவை:

1. இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழுள்ளவற்றை ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். லினக்ஸ் போட்டு ஸ்டீம் விளையாட்டுகளில் பலவற்றை ஓட்டலாம், வேலரன்ட் ஓடாது. ஆப்டிபிளெக்ஸில் 3060, 5060, 7060 ஆகியவை 8-ஆம் தலைமுறை. ஐ5-8500 என்றால் ஆறு கோர், போதுமானது.

2. பெட்டியின் அளவு. கையளவு மைக்ரோ பெட்டியில் சாதாரண கார்டு மாட்ட இடமே இல்லை. ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டியில் அரை உயர கார்டு மட்டும் நுழையும். டவர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

3. இவற்றின் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 200 வாட் அளவுதான், மதர்போர்டு இணைப்பும் அந்தந்த நிறுவனத்துக்கே உரியது. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அப்படியே பொருந்தாது. எனவே தனி மின் இணைப்பு கேட்காத, ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் இங்கே சரி.

4. அந்த வரம்புக்குள் சிறந்தது 70 வாட் எடுக்கும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, அரை உயர மாடலிலும் வருகிறது. ஆர்எக்ஸ் 6400-க்கு 53 வாட் போதும், ஆனால் அதுவும் 4 தடக் கார்டு. 8-ஆம் தலைமுறை இன்டெல் மூன்றாம் தலைமுறைப் பாதை என்பதால் மேலே சொன்ன அதே திணறல் வரும். வாங்கும் முன் கார்டின் தடிமனை அளந்துகொள்ளுங்கள், இரண்டு ஸ்லாட் கார்டுக்கு எல்லாப் பெட்டியும் இடம் தராது.

## செகண்ட் ஹேண்ட் கார்டைக் கடையிலேயே சோதிப்பது

2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்துக்கு கிராஃபிக்ஸ் கார்டு கொண்டு மைனிங் செய்யும் முறை முடிவுக்கு வந்தது. அப்போது ஓய்ந்த கார்டுகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. மைனிங் கார்டு என்றாலே வேண்டாம் என்பதில்லை. சிப் நன்றாகவே இருக்கலாம், தேய்வது விசிறியும் வெப்பப் பட்டைகளும். ஆனால் போலிகள் வேறு விஷயம். பழைய சிப் உள்ள கார்டின் பயாஸை (அதில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டுவார்கள். "ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி" என்பது உண்மையில் ஆர்எக்ஸ் 570-க்கு நிகரானது.

1. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து சிப் பெயர், நினைவக வகை, பிட் அகலம் மூன்றையும் அந்த மாடலின் உண்மை விவரத்தோடு ஒப்பிடுங்கள். போலி என்விடியா சிப்களில் பலவற்றை அந்த மென்பொருளே போலி என்று காட்டிவிடும்.

2. கார்டுக்கு முழுச் சுமை தரும் ஃபர்மார்க் சோதனை 15 நிமிடம். வெப்பம் 85 டிகிரிக்குள் நின்று நிலைக்க வேண்டும். திரையில் கட்டம், புள்ளி, கோடு எதுவும் மின்னக் கூடாது.

3. பிறகு ஒரு உண்மையான விளையாட்டு, 10 நிமிடமாவது. ஃபர்மார்க்கில் தாக்குப்பிடித்த கார்டு விளையாட்டில் விழுவதுண்டு, நினைவகத்தை இரண்டும் ஒரே மாதிரி நிரப்புவதில்லை.

4. பின்புறத்து வெளியீடுகள் அத்தனையிலும் மானிட்டரை மாட்டிப் பாருங்கள்.

5. சீரியல் எண் கார்டிலும் பில்லிலும் ஒன்றா என்று பார்த்து, நிறுவனத் தளத்தில் வாரண்டி மீதி இருக்கிறதா என்று தேடுங்கள். கடைக்காரர் தரும் டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

எஸ்எஸ்டி-யை மட்டும் புதிதாக வாங்குங்கள். 500 ஜிபி போதும். விளையாட்டுகளை அழித்து மறுபடி இறக்கலாம், பணம் சேர்ந்ததும் இன்னொன்றைச் சேர்க்கலாம்.

## வீட்டுக்கு வந்தபின் வேகம் தொலையும் இடங்கள்

சரியான பாகங்களை வாங்கியும் பாதி வேகத்தில் ஓட்டுபவர்கள் உண்டு. எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டில் செருகியிருந்தால் பெரும்பாலும் புராசசர் கிராஃபிக்ஸ்தான் வரைந்துகொண்டிருக்கும். கேபிளைக் கீழே இருக்கும் கார்டின் வெளியீட்டில் செருகுங்கள். ஐ3-12100எஃப் போன்ற எஃப் வகையிலும் ரைசன் 5 5600-லும் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, தவறான இடத்தில் செருகினால் திரையே வராது. கார்டு பழுதானாலும் அவ்வளவுதான், மாற்றுக் கார்டு வரும்வரை கணினி இருளில் இருக்கும். ஒரே கணினியில் படிப்பும் வேலையும் நடக்கும் வீட்டில் உள் கிராஃபிக்ஸ் உள்ள புராசசரைப் பரிசீலிக்க இது போதுமான காரணம்.

3200 வேக ரேம் என்று வாங்கியது தானாக அந்த வேகத்தில் ஓடாமல் போகலாம். மதர்போர்டின் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்ற ரேம் வேக அமைப்பை இயக்கும்வரை பல குச்சிகள் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு குச்சிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரட்டைப் பாதை கிடைக்காது. புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். 100 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் விண்டோஸ் 60-இலேயே வைத்திருக்கக்கூடும். டிஸ்பிளே அமைப்பில் மேம்பட்ட பகுதிக்குப் போய் 100-ஐத் தேர்ந்தெடுத்தால்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஃபிரேம்கள் திரைக்கு வரும்.